மேற்கு பார்த்த கண்ணாடி

மாலை ஐந்து நாற்பத்திரண்டு. எங்கள் காரின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்தால் ஐந்து முப்பத்தெட்டு. மார்கழி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. பேட்டையைத் தாண்டி முக்கூடல் போகிற சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் பிசான நெற்பயிர் பச்சை பிடித்து நின்றது. ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுபோகிறோம். எங்கள் பக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் ஆனாலும், பொங்கலுக்கு முன் உடன்பிறந்தவன் அரிசியும் வெல்லமும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். பின் இருக்கையில் கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்குக் கட்டு, ஒரு பெரிய பூசணிக்காய். காரை ஓட்டியது என் மகள் மதி. வயது இருபத்தைந்து, சென்னையில் வேலை. பக்கத்து இருக்கையில் நான். முகத்தில் வெயில் அடிக்கிறது என்று அன்றைய செய்தித்தாளை விரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தேன். இந்தச் செய்தித்தாளை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அப்பா, எதுக்க ஒண்ணும் தெரியலப்பா" என்றாள்.

"பைய போ. தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும், "எல்லாம் வெள்ளையா இருக்குப்பா" என்றாள்.

"சூரியன ஏன் பாக்க? ரோட்டப் பாரு."

"ரோடே தெரியலங்கேன்!"

"ஓட்டத் தெரியாதவ சொல்லுத சாக்கு இது" என்றேன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து.

சொல்லி முடிப்பதற்குள் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கார் மோதி நின்றது. பெரிய வேகம் இல்லை. பூசணிக்காய் உருண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. மதியின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. விளக்கும் பம்பரும் போயின. முன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. "கண்ணாடி தப்பிச்சிட்டு. அந்த மட்டுக்கும் புண்ணியம்" என்று கூடிய ஆட்களில் ஒருவர் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றும் கண்ணை மூடினால் மோதிய சத்தம் கேட்பதில்லை. "தெரியலங்கேன்" என்ற அந்தக் குரல்தான் கேட்கிறது.

மூன்று மாதம் கழித்து இதையெல்லாம் இப்போது கிளறிவிட்டது ஒரு வாசனை. போன வெள்ளிக்கிழமை, கண்ணாடிக்குப் பாலிஷ் போடும் ஜெரால்டு என்பவர் எங்கள் வீட்டு கேட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெளிறிய செம்மண் நிறப் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பார்க்கச் சந்தனம் மாதிரி இருந்தது. வாசனை மட்டும் ஈரச் சிலேட்டு வாசனை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், எச்சில் தொட்டு அழித்தால் சிலேட்டு கறுகறுவென்று ஆகிவிடும். கணக்கு தப்பாகப் போட்டதற்கு அடையாளமே இருக்காது. நாமும் நிம்மதியாக ஜன்னல் பக்கம் பார்ப்போம். காய்ந்ததும் பழைய எழுத்து வெள்ளையாக எழுந்து வரும், சரியாக வாத்தியார் நம் பெஞ்சுக்கு வரும் நேரத்தில்.

ஜெரால்டை வரவழைத்ததே காரை விற்பதற்காகத்தான். கார் மதிக்கென்று வாங்கியது. கட்டுப் பிரித்த அன்று அவள், "இனி நான் வண்டியத் தொடுததா இல்ல. வித்துருங்க" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினாள். பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். அவள் அம்மா, அதாவது என் மனைவி, பூனாவில் மகன் வீட்டில் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆக மகள் நன்றாக இருக்கிறாள் என்ற செய்தி சென்னையிலிருந்து பூனா போய், பூனாவிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும். இரவு எட்டு மணிக்குள் வந்துவிட்டால் சாப்பிடுவேன். வராவிட்டாலும் சாப்பிடுவேன், என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துபோகும்.

காரைப் பார்க்க வந்த புரோக்கர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாம் சரி அண்ணாச்சி. கண்ணாடிதான் செத்துக் கெடக்கு. வாங்க வாரவன் மொதல்ல அதத்தான் பாப்பான்" என்றார். குனிந்து பார்த்தேன். கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள், கோலப்பொடி சிந்திய மாதிரி. தண்ணீர் ஊற்றினால் மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப வரும்.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. ஏனென்றால் எங்கள் தெருவிலேயே தினமும் கழுவப்படுகிற கார் அது ஒன்றுதான். பேச ஆள் இல்லாத வீட்டில் மனிதன் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுகிறான். மனைவி பூனா போன மறுவாரம் தொடங்கியது. காலை ஆறு மணிக்கு ஹோஸ் குழாயை எடுத்தால் ஏழு வரைக்கும் போகும். கார் எங்கும் போவதில்லை. நான் அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போவேன். ஆனாலும் மகள் எப்போதாவது வருவாள், வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். டயருக்குள் விரலை விட்டுக் கல்லெடுத்த நாட்கள்கூட உண்டு. காரோடு பேசினேனா என்று கேட்காதீர்கள்.

நானே சரிசெய்துவிடலாம் என்று முதலில் இறங்கினேன். வினிகர் ஊற்றி நாளிதழால் துடைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பற்பசை தேய்த்தேன். மனைவி போனில், "பித்தளப் பானைக்குப் புளி போடுத மாதிரி போட்டுப் பாருங்களேன்" என்றாள். போட்டேன். இரண்டு நாள் காருக்குள் புளியோதரை மணந்தது, எறும்பு வந்தது, புள்ளி போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஜெரால்டு.

ஜெரால்டுக்குச் சொந்த ஊர் கடற்கரையோர மணப்பாடு. முப்பத்தைந்து வயது இருக்கும். பைக்கின் பின்னால் ஒரு சின்னப் பாலிஷ் மிஷின், ஒரு கேன் தண்ணீர், துணிகள். "எங்க ஊர்ல கடக்காத்து அண்ணாச்சி. ஜன்னக் கண்ணாடி, பைக்குக் கண்ணாடி, ஃபாதரோட மூக்குக்கண்ணாடி, ஒண்ண விடாது. கண்ணாடி தொடச்சித் தொடச்சித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றார். பானெட்டின் மேல் விரிப்பைப் போட்டார். கண்ணாடி ஓரத்து ரப்பருக்கெல்லாம் டேப் ஒட்டினார். கேன் தண்ணீரில் கழுவி, நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணில கழுவுதிய?"

"போர் தண்ணிதான்."

"தெனமுமா?"

"தெனமும் காலைல ஆறு மணிக்கு" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

"அந்தால துணிவச்சித் தொடைக்க மாட்டியளோ?"

"வெயில்ல காஞ்சிருமே."

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, கழுவாமப் போட்டிருந்தியன்னா இந்தக் கண்ணாடி நல்லா இருந்திருக்கும். போர் தண்ணில உள்ள உப்பு பூரா, காயக் காய இதுல உக்காந்திருக்கு. நீங்க கழுவல. தெனம் ஒரு பூச்சுப் பூசியிருக்கிய."

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆற்றுத் தண்ணீர் வரும். இன்னொன்றில் போர் தண்ணீர் எந்நேரமும் வரும். ஆற்றுத் தண்ணீர் குடிக்க, சமைக்க, சாமிக்கு. அதை எடுத்துக் கார் கழுவுகிறவனைத் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள் யாரும் மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் எந்தக் குழாய் பக்கத்தில் இருக்கிறதோ அதைத் திறந்திருப்பான். அவன் கண்ணாடி பிழைத்திருக்கும்.

'போர் தண்ணி' என்று ஜெரால்டு சொன்ன மாத்திரத்தில் எனக்கு இசக்கி அண்ணன் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் இருந்தேன். எனக்கு இருபத்துநான்கு வயது. முக்கூடலில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் நாள் முழுக்க பீடி சுற்றுவார்கள். என் சட்டை, தலையணை, தயிர்சாதம் எல்லாவற்றிலும் புகையிலை மணக்கும். அலுவலகத்தில் ஒரு ஜீப், அதற்கு டிரைவர் இசக்கி அண்ணன். ஐப்பசி மழையில் ஒருநாள் வைப்பர் நின்றுவிட்டது. எதிரே குளம் நிறைந்து சாலையும் குளமும் ஒன்றாகக் கிடக்கிறது. அண்ணன் பதறவில்லை. மடியிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்தார், நாலு பீடியைப் பிரித்து இலையை எறிந்துவிட்டுத் தூளை உள்ளங்கையில் வைத்து ஈரக் கண்ணாடியில் பரபரவென்று தேய்த்தார். அதன்பின் மழை கண்ணாடியில் நிற்காமல் வழிந்து ஓடியது. "இது மட்டும் இல்லன்னா சார், நம்ம ரெண்டு பேரும் இன்னேரம் கொளத்து மீனுக்குச் சம்மந்தக்காரங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி சிரிக்கக் கூடாது என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். அந்த வயதில் நான் அப்படி ஒரு ஆள்.

சனிக்கிழமை தோறும் அண்ணன் ஜீப்பை ஆற்றில்தான் கழுவுவார். சரிவில் இறக்கிச் சக்கரம் பாதி முங்க நிறுத்துவார். லாரி, வாடகைக் கார், மாட்டுவண்டி என்று அங்கே ஒரு கூட்டமே நிற்கும். மத்தியானம் போனால் பொழுது சாயத்தான் வருவார், அவரும் குளித்துத் துணி துவைத்துக் காயப்போட்டு உடுத்திக்கொண்டு. எனக்கு இது பொறுக்கவில்லை. அலுவலகப் பின்புறத்தில் புதிதாக போர் போட்டிருந்தார்கள். "இங்கயே தண்ணி இருக்கும்போது ஆத்துக்கு எதுக்குப் போறீங்க?" என்று தடுத்துவிட்டேன்.

"போர் தண்ணி கண்ணாடிக்கு ஆவாது சார்" என்றார்.

"தண்ணில என்ன சாதியா இருக்கு?" என்று கேட்டேன். பெரிய புத்திசாலித்தனமாகப் பேசிவிட்ட நினைப்பு எனக்கு.

அடுத்த சனிக்கிழமை ஜீப் போர் குழாயடியில் நின்றது.

ஜெரால்டு மிஷினைப் போட்டார். டிரைவர் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு தட்டு அகலத்துக்குக் குழம்பைத் தடவி, கம்பளி வட்டை வைத்துச் சுற்றுவார். காய விடாமல் நடுநடுவே தண்ணீர் தெளிப்பார். சூடேறினால் கண்ணாடி விரிசல் விட்டுப்போகுமாம். புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பார். புள்ளி தெரிந்தால் மறுபடியும் குழம்பு. "இங்கன பாருங்க, இது ஒட்டுனதில்ல. கண்ணாடியவே தின்னுட்டு. இது லேசா நிக்கும்" என்று ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். பாதிக் கண்ணாடி முடியவே பொழுது சாய்ந்துவிட்டது. தேநீர் போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "உள்ள ஏறி உக்காந்து பாருங்க அண்ணாச்சி" என்றார்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. எதிரே காலி மனை. கார் தெருவைப் பார்த்து நிற்கும். பத்து மாதம் அதைக் கழுவியவன் ஒருநாள்கூடச் சாயங்காலத்தில் அதற்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை; உட்கார்ந்த அந்த ஒரு நாளும் கண்ணுக்கு நேரே செய்தித்தாள் இருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. சூரியன் எதிரே இறங்கி நின்றது.

எனக்கு நேரே இருந்த பாதியில் காலி மனை, முள் உடைமரம், அதன் கீழே படுத்திருந்த நாய், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. இன்னொரு பாதி பால் ஊற்றியது மாதிரி வெள்ளை. அந்தப் பக்கம் உலகமே இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது. வெள்ளைக்குள் நுழைந்தது. மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, நல்லா இல்லியா?" என்று ஜெரால்டு குனிந்து கேட்டார். "மத்தப் பாதியச் செய்யாண்டாம். அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

"பாதி மொட்டை அடிச்ச தல மாதிரி இருக்குமே! எவன் வாங்குவான்?"

"விக்கப் போறதில்ல."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். டேப்பை உரித்துச் சுருட்டிக்கொண்டு, "மத்தப் பாதிக்குக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார்.

இசக்கி அண்ணன் கதையில் மிச்சம் இருக்கிறது. ஆற்றுக்குப் போவதைத் தடுத்து ஆறேழு மாதம் கழித்து அண்ணன் வந்து, "சாயங்காலம் மேக்க பாத்து ஓட்ட முடியல சார். கண்ணாடிக்குப் பொறை விழுந்திட்டு" என்றார். புரை கண்ணில்தான் விழும் என்று நான் படித்திருந்தேன். கண்ணாடிக்கு ஏது? மனிதனுக்குக் கண் மங்குகிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்து, 'ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை தேவை' என்று மேலிடத்துக்கு எழுதினேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். அதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. பரிசோதனை முடிந்து, குறை ஒன்றும் இல்லை என்று தாள் வருவதற்குள் ஜீப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அண்ணனைக் கேட்டில் உட்காரவைத்தார்கள். ஓய்வுபெறும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நான் உள்ளே போகும்போது கேட்டைத் திறந்துகொண்டே, "ஒங்க கண்ணும் நல்லாத்தான் இருக்கு, எங்கண்ணும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல உள்ளத யாரும் பாக்கலியே சார்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதியையும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், கையில் கட்டோடு. "ரெண்டு கண்ணும் அருமையா இருக்கு" என்றார் டாக்டர். கண்ணில் குறை இல்லையென்றால் கவனத்தில்தான் குறை என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது, ஏற்கெனவே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தும், எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு அக்கா போனில் விசாரித்தபோது, "பிள்ளைக்கு நெதானம் பத்தாதுக்கா. வெயில் அடிச்சிட்டுன்னு சாக்குச் சொல்லுதா" என்றேன். அக்காவிடம் சொன்னால் ஆழ்வார்குறிச்சி முழுக்கச் சொன்ன மாதிரி. அடுத்து வந்த கல்யாண வீடுகளில் எல்லோரும், "மதிதான் பாலத்துல கொண்டு வண்டிய மோதினாளாமே" என்று கேட்டார்கள். அன்று நான் அக்காவிடம் போனில் பேசும்போது மதி அடுத்த அறையில் கையில் கட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஜெரால்டு போனபிறகு மதிக்குப் போன் செய்ய எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. வெளிச்சம் போவதற்குள் காருக்குள் உட்கார்ந்தபடியே கண்ணாடியைப் படம் எடுத்தேன். ஒரு பாதி உடைமரம், ஒரு பாதி வெள்ளை. ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. அன்று பூனாவிலிருந்தும் செய்தி இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல விழித்துவிட்டேன். செய்ய ஒன்றும் இல்லை. ஹோஸ் குழாய் சுருண்டு கிடந்தது. பஸ் ஏறி அந்த ஆற்றுச் சரிவைப் பார்க்கப் போனேன். சரிவு இல்லை. தடுப்புச் சுவர் கட்டி, வண்டிகள் கழுவக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது சரிதான், அந்த எண்ணெயெல்லாம் ஆற்றில்தானே போனது. லாரிகள் நின்ற இடத்தில் நாணல் மண்டியிருந்தது. பழைய அலுவலகக் கட்டடம் இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் மட்டும் நின்றது. கேட் இருந்த இடத்தை முள்ளால் அடைத்திருந்தார்கள். இசக்கி அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது நான்கு வருடத்துக்கு முன், ஜங்ஷன் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில். தேதியைப் படிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நான் இறங்கவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை இனி யாரிடம் சொல்வது?

ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் ஒரு பையோடு மதி இறங்கினாள். வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. "வா பிள்ள" என்றேன். அவள் வீட்டுக்குள் வரவில்லை. நேரே காருக்குப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொடவில்லை; இரண்டு கையும் மடியில் இருந்தன. நான் சுற்றிப் போய் மற்ற இருக்கையில் உட்கார்ந்தேன். சூரியன் இறங்கி வர வர என் பக்கத்துப் பாதி வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் தலையைச் சாய்த்து என் பக்கத்து வெள்ளையைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி என் பக்கம்.

சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். போர் தண்ணீர், ஆறு மணி, இசக்கி அண்ணன், செய்தித்தாள். "நீ சொன்னது நெசம். ரோடு ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. கண்ணாடியக் கெடுத்தது நாந்தான்" என்றேன்.

அவள் முன்னால் பார்த்தபடியே, "இத எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய?" என்றாள். "எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

பையிலிருந்து போனை எடுத்து ஏதோ தேய்த்துத் தேடினாள். ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் வைத்தாள். திரையில் 'ஆழ்வார்குறிச்சி அத்தை' என்று இருந்தது.

"ரிங் போகுதுப்பா. பேசுங்க."